உப்புநீரும் உறுதியாக்கிய களிமண்ணும்

களிமண்ணோடு சுண்ணாம்பு, சிமெண்ட், நிலக்கரிச் சாம்பல் போன்றவற்றைக் கலந்து கெட்டிப்படுத்துவதை மண் உறுதியாக்கம் என்பர். சாலையின் அடித்தளம், கிடங்கின் தரை, எண்ணெய்த் தொட்டியின் அடிமானம், துறைமுகத்தின் சரக்குத் திடல் என்று பாரம் தாங்க வேண்டிய இடங்களில் இந்த முறை கைகொடுக்கிறது. கெட்டியான களிமண் நல்ல தண்ணீர் உள்ள நிலத்தில் பல பத்தாண்டுகள் நிலைத்து நிற்கும். உப்புநீர் உள்ள நிலத்தில் அப்படி உறுதியாகச் சொல்லிவிட முடியாது. கடல்நீர் சில நேரம் அதன் வலிமையைக் கூட்டுகிறது, சில நேரம் குறைக்கிறது. தண்ணீரில் எந்தெந்த உப்பு இருக்கிறது, அது கலவை இறுகுவதற்கு முன் வந்ததா பின் வந்ததா, தேங்கி நிற்கிறதா ஓடி மாறுகிறதா ஆகிய மூன்றுமே முடிவைத் தீர்மானிக்கின்றன.

காட்டுப்பள்ளியின் நிலம்

திருவள்ளூர் மாவட்டத்தின் காட்டுப்பள்ளி, கிழக்கே வங்கக் கடலுக்கும் மேற்கே உப்பங்கழிக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் தாழ்வான நிலத்திட்டு. வடக்கே ஆரணியாறு வந்து சேரும் பழவேற்காடு ஏரி. தெற்கே கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரம். இரண்டையும் இணைத்துக்கொண்டு பக்கிங்ஹாம் கால்வாய் ஓடுகிறது. கடலோரத்தில் மணல்மேடு, அதைத் தாண்டி மேற்கே போனால் சேறு, சதுப்பு, உப்பளம், அலையாத்திக் காடு. ஆறுகள் கொண்டுவந்த நுண்மண் உப்புநீரில் படிந்து உருவான களி இங்கே பல இடங்களில் கிடக்கிறது.

இந்த நிலத்தின் மீதுதான் சென்னையின் வடக்குத் தொழில் மண்டலம் எழுந்தது. எண்ணூரில் இன்று காமராஜர் துறைமுகம் எனப்படும் துறைமுகம் 2001-இல் செயல்படத் தொடங்கியது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனோடு மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2010-இல் காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்டது. அதையடுத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும் வந்தன. வடசென்னை, வல்லூர் அனல் மின் நிலையங்களும் அருகிலேயே இருக்கின்றன. இவற்றையெல்லாம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையோடும் கொல்கத்தா நெடுஞ்சாலையோடும் இணைக்கும் சாலைகளும் ரயில் பாதைகளும் தாழ்நிலங்களைக் கடந்தே போகவேண்டும்.

உப்பு இங்கே கரையோரத்தோடு நிற்பதில்லை. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளின் கிணறுகளிலிருந்து சென்னைக் குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் பல பத்தாண்டுகள் நீர் இறைக்கப்பட்டது. நன்னீர் மட்டம் இறங்கிய இடத்தில் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே வந்தது. மீஞ்சூர் வட்டாரத்தில் கடற்கரையிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவு வரை நிலத்தடி நீர் உவர்ப்பாகிவிட்டது. ஆகவே கடல் கண்ணில் படாத இடத்தில் போடும் சாலைக்கும் உப்புநீர் பற்றிய கேள்வி எழுகிறது.

இயற்கைக் களியில் உப்பின் வேலை

களிமண் துகள்கள் மிக மெல்லிய தகடுகள். அவற்றின் பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கும். அதைச் சமன்செய்ய சோடியம், கால்சியம், மக்னீசியம் போன்ற நேர்மின் அயனிகள் துகளைச் சுற்றி ஒரு படலமாகச் சூழ்ந்து நிற்கின்றன. மிகக் குறைந்த உப்புள்ள நன்னீரில் இந்தப் படலத்தின் தடிமன் ஏறத்தாழ 10 நானோமீட்டர்; கடல்நீரில் அது 1 நானோமீட்டரில் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். படலம் தடித்திருந்தால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி அகன்று நிற்கும். படலம் சுருங்கினால் நெருங்கி வந்து, ஒன்றின் விளிம்பு மற்றதன் முகத்தில் ஒட்ட, திரள்திரளாகச் சேர்ந்துகொள்ளும். ஆறு கொண்டுவரும் கலங்கல் நீர் முகத்துவாரத்தில் கடலைத் தொட்டதும் வண்டல் அடியில் படிவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

எனவே கடற்களிமண் பிறக்கும்போதே உப்பின் துணையோடு பிறக்கிறது. அந்தத் துணையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நார்வே நாட்டின் நிலச்சரிவுகள் காட்டின. பனியுகத்தின் முடிவில் கடலடியில் படிந்த களி, நிலம் உயர்ந்தபோது கரையாக மாறியது. பல ஆயிரம் ஆண்டுகளாக மழைநீர் ஊடுருவி அதிலிருந்த உப்பைக் கழுவிச் சென்றது. துகள்களின் அடுக்கு மட்டும் பழையபடி நின்றது. அவற்றைப் பிடித்திருந்த விசை போய்விட்டது. ஒரு சிறு அதிர்ச்சி போதும், அந்த மண் கூழாகி ஓடும். உப்பு கழுவப்படுவதுதான் காரணம் என்பதை 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரோசன்க்விஸ்ட் என்ற நார்வே அறிஞர் விளக்கினார். 1978 ஏப்ரல் 29 அன்று ரிசா என்ற ஊரில் சுமார் 33 ஹெக்டேர் நிலம் இப்படியே ஏரிக்குள் சரிந்தது.

உப்பின் இந்த விளைவு எல்லாக் களிக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஈரத்தில் பெரிதும் உப்பும் மாண்ட்மோரிலோனைட் வகைக் களியில் மிக அதிகம். அதன் நீர்ம எல்லை, அதாவது மண் கூழாக மாறத் தொடங்கும் ஈர அளவு, நன்னீரில் பல நூறு விழுக்காடாக இருந்து கடல்நீரில் நூறு விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடும். கயோலினைட் வகையில் மாற்றம் சொற்பம். சென்னைக் கடலோரக் களியில் இரு வகையும் கலந்தே காணப்படுவதால், ஒவ்வோர் இடத்தின் மண்ணையும் தனியாகச் சோதித்தாக வேண்டும்.

சுண்ணாம்பு கலந்ததும் நடப்பவை

ஈரக் களியில் நீற்றிய சுண்ணாம்பைக் கலந்தால் சில மணி நேரத்திலேயே மண் கையில் ஒட்டாமல் உதிரும் தன்மைக்கு வந்துவிடும். சுண்ணாம்பின் கால்சியம் துகள் பரப்பிலுள்ள சோடியத்தை விரட்டிவிட்டு அந்த இடத்தைப் பிடிப்பதே இதற்குக் காரணம். வண்டியும் உருளையும் ஓடுவதற்கு இந்த மாற்றம் போதும். நிலையான வலிமைக்குப் போதாது.

வலிமை வருவது அடுத்த கட்டத்தில். சுண்ணாம்பு மண்ணிலுள்ள நீரின் காரத்தன்மையை பி.எச். 12.4 வரை உயர்த்துகிறது. அந்தக் காரத்தில் களியின் சிலிக்காவும் அலுமினாவும் மெல்லக் கரைந்து கால்சியத்தோடு சேர்ந்து, சிமெண்டில் உண்டாவதைப் போன்ற பசைப்பொருளாக மாறுகின்றன. கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட் என்பது அதில் முதன்மையானது. இந்த வினை வாரங்கள், மாதங்கள், சில நேரம் ஆண்டுகள் வரை நீளும். சிமெண்ட் கலந்தால் பசைப்பொருள் சிமெண்டிலிருந்தே உடனடியாகக் கிடைக்கிறது. கூடவே வெளிப்படும் சுண்ணாம்பு, களியோடு மெதுவாக வினைபுரிகிறது. இரண்டிலும் கால்சியமும் காரத்தன்மையும் தங்கியிருக்கும் வரைதான் பிடிப்பு தங்கும். உப்புநீரின் பாதிப்பு பெரும்பாலும் இந்த இரண்டின் மீதுதான் விழுகிறது.

கடல்நீரில் கரைந்திருப்பவை

ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அதில் குளோரைடு 19 கிராமுக்குச் சற்று மேல், சோடியம் 11 கிராமுக்குச் சற்றுக் குறைவு, சல்பேட் 2.7 கிராம், மக்னீசியம் 1.3 கிராம், கால்சியமும் பொட்டாசியமும் தலா 0.4 கிராம். சமையலுப்பாகிய சோடியம் குளோரைடு ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இருந்தாலும், உறுதியாக்கிய களிக்கு ஆபத்து அதனால் அல்ல. அளவில் சிறிய சல்பேட்டும் மக்னீசியமும்தான் தொல்லை தருபவை.

குளோரைடு தொடக்கத்தில் நன்மையே செய்கிறது. சிமெண்ட் இறுகும் வேகத்தை அது கூட்டும். சோடியம் இருப்பதால் நீரின் காரத்தன்மை சற்று ஏறி, களியின் சிலிக்கா விரைந்து கரையும். சுண்ணாம்பு கலந்த மண்ணில் சிறிதளவு சமையலுப்பு சேர்த்தால் தொடக்க வலிமை கூடுவது பல சோதனைக்கூடங்களில் கண்ட விளைவு. நல்ல தண்ணீரில் பிசைந்த மாதிரியைவிடக் கடல்நீரில் பிசைந்த மாதிரி 7 நாளிலும் 28 நாளிலும் கூடுதல் வலிமை காட்டினால் அதில் வியப்பில்லை. அந்த முடிவை மட்டும் வைத்துக்கொண்டு கடல்நீரால் கேடில்லை என்று சொல்லிவிடுவது தவறாகும். பின்னால் வரும் வினைகள் 28 நாளில் தெரிவதில்லை. கம்பி போட்ட கான்கிரீட்டைக் குளோரைடு துருப்பிடிக்க வைக்கும் என்பதும் நினைவிருக்க வேண்டும். உறுதியாக்கிய மண்ணில் கம்பி இல்லை என்பதால் அங்கே அந்தக் கவலை எழுவதில்லை. அதைத் தொட்டு நிற்கும் கம்பிக் கான்கிரீட் தூணுக்கும் எஃகுக் குழாய்க்கும் எழுகிறது.

சல்பேட்டின் வேலை

சல்பேட், கால்சியத்தோடும் அலுமினாவோடும் சேர்ந்து எட்ரிங்கைட் என்ற ஊசி வடிவப் படிகத்தை உருவாக்குகிறது. அதன் அமைப்பில் 30-க்கும் மேற்பட்ட நீர் மூலக்கூறுகள் பிணைந்திருப்பதால் அது அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். கலவை இளகலாக இருக்கும்போது இந்தப் படிகம் வளர்ந்தால் துளைகளை நிரப்பிவிட்டு அடங்கிவிடும். இறுகிய பிறகு வளர்ந்தால் மண்ணை உள்ளிருந்தே பிளக்கும். அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஸ்டீவர்ட் அவென்யூ என்ற சாலை சுண்ணாம்பு கலந்த மண்ணின் மேல் அமைக்கப்பட்டிருந்தது. மண்ணில் இருந்த சல்பேட்டால் அது இப்படியே மேலெழும்பிப் பிளந்தது. மண் பொறியியலாளர் ஜேம்ஸ் மிச்செல் 1986-இல் இதை விரிவாக எடுத்துச் சொன்ன பிறகுதான் சுண்ணாம்பும் சல்பேட்டும் சேரும் இடங்களில் பொறியாளர்கள் எச்சரிக்கையானார்கள்.

இந்தியாவில் இந்தக் கேள்வி கடற்களிமண்ணை வைத்தே ஆராயப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் எஸ். நரசிம்ம ராவும் ஜி. ராஜசேகரனும் 1990-களில் கடற்களியில் சுண்ணாம்புத் தூண்களை நிறுவியும் சுண்ணாம்புக் கரைசலைச் செலுத்தியும் சோதித்தனர். தூணிலிருந்து சுண்ணாம்பு சுற்றியுள்ள களிக்குள் பரவி அதையும் கெட்டியாக்குவதை அந்தச் சோதனைகள் காட்டின. சல்பேட் சேர்ந்த சூழலில் எட்ரிங்கைட் உருவாகிக் களியின் தன்மை மாறுவதையும் ராஜசேகரன் தொடர்ந்து ஆராய்ந்து எழுதினார்.

கடல்நீரின் சல்பேட்டால் எவ்வளவு கேடு வரும் என்பதை ஒரு எளிய கணக்கில் பார்க்கலாம். ஒரு கிலோ உலர் களியில் 800 கிராம் கடல்நீர் இருப்பதாக வைத்துக்கொண்டால், அதில் சல்பேட் சுமார் 2.2 கிராம். உலர் எடையில் அது 0.22 விழுக்காடு. சுண்ணாம்பு கலக்கும் மண்ணில் சல்பேட் 0.3 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் ஆபத்து குறைவு என்பது அமெரிக்கச் சாலைப் பொறியியல் நடைமுறையில் வழங்கும் வரம்பு. 0.8 விழுக்காட்டைத் தாண்டினால் ஆபத்து மிக அதிகம். களியின் துளைகளிலுள்ள நீரில் அடைபட்ட சல்பேட் மட்டும் என்றால் களி இந்தக் கணக்கில் தப்பிவிடுகிறது. கடல்நீரில் கூடவே இருக்கும் குளோரைடு அலுமினாவின் ஒரு பங்கைத் தன்னோடு பிணைத்துக்கொள்வதால், தனிச் சல்பேட் கரைசலில் தெரியும் அளவு உப்பலும் கடல்நீரில் தெரிவதில்லை.

நிலைமையை மாற்றக்கூடியவை மூன்று. முதலாவது, உப்பளத்துத் தரையைப் போல நீர் ஆவியாகி உப்பு செறிந்த இடம். அங்கே கடல்நீரைவிடப் பன்மடங்கு சல்பேட்டும், சில இடங்களில் ஜிப்சம் படிகமும் இருக்கும். இரண்டாவது, அலையாத்திச் சேற்றிலும் முகத்துவாரக் களியிலும் உண்டாகும் பைரைட் என்ற இரும்பு சல்பைடு. நீருக்கு அடியில் இருக்கும் வரை அதனால் தொல்லையில்லை. தூர்வாரிக் கரையில் கொட்டிக் காற்றுப் பட்டதும் அது கந்தக அமிலமாகவும் சல்பேட்டாகவும் மாறும். அமிலம் சுண்ணாம்பைத் தின்னும், சல்பேட் எட்ரிங்கைட்டை வளர்க்கும். மூன்றாவது, புதிய கடல்நீர் ஓயாமல் வந்து சேர்வது.

மக்னீசியமும் கால்சிய இழப்பும்

மக்னீசியம், சுண்ணாம்பிலுள்ள கால்சியத்தின் இடத்தை எடுத்துக்கொண்டு புரூசைட் என்ற வெண்பொருளாகப் படியும். விடுபட்ட கால்சியம் நீரில் கரைந்து வெளியேறும். புரூசைட் இருக்கும் இடத்தில் பி.எச். 10.5-ஐ ஒட்டி இறங்கிவிடுவதால், பசைப்பொருள் நிலைத்திருக்கத் தேவையான காரம் போய்விடுகிறது. அடுத்து மக்னீசியம் அந்தப் பசைப்பொருளையே தாக்கி, பிடிப்பு இல்லாத மக்னீசியம் சிலிக்கேட்டாக மாற்றுகிறது. சல்பேட் மண்ணை உப்பவைத்துப் பிளக்கிறது என்றால், மக்னீசியம் சத்தமில்லாமல் சேறு போன்ற நிலைக்கு அதைத் திருப்பிவிடுகிறது.

முன் சொன்ன அதே ஒரு கிலோ களியில் 50 கிராம் நீற்றிய சுண்ணாம்பு கலந்ததாகக் கொள்வோம். 800 கிராம் கடல்நீரில் உள்ள மக்னீசியம் ஒரு கிராம். அது முழுவதும் வினைபுரிந்தாலும் செலவாகும் சுண்ணாம்பு 3 கிராம்தான். ஆக, உள்ளே அடைபட்ட கடல்நீரால் சுண்ணாம்பின் பதினாறில் ஒரு பங்கைத்தான் கெடுக்க முடியும். தண்ணீர் மாறிக்கொண்டே இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. ஒவ்வொரு ஓதத்திலும் புதிய மக்னீசியம் வரும், கரைந்த கால்சியம் போகும். கலவைநீரில் இருந்த உப்பைவிட, இறுகிய மண்ணை வெளியிலிருந்து தொடும் உப்புநீர் ஆபத்தானது என்பதற்கு இதுவே அடிப்படை.

சேதம் எவ்வளவு ஆழம் போகும்?

சோதனைக்கூடத்தில் 38 மில்லிமீட்டர் விட்டமும் 76 மில்லிமீட்டர் உயரமும் உள்ள உருளைகளாக மாதிரிகளைச் செய்வது வழக்கம். ஈரம் போகாமல் மூடிவைத்து இறுகவிட்டபின் சிலவற்றை நல்ல தண்ணீரிலும் சிலவற்றைக் கடல்நீரிலும் மூழ்கவைப்பர். சில மாதம் கழித்துக் கடல்நீரிலிருந்து எடுக்கும் உருளையின் விளிம்புகள் மழுங்கியிருக்கும். மேலே வெண்படலம் படிந்திருக்கும். மேல்தோல் நகத்தால் கீறினாலே வழுவழுவென்று வரும். அதைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தில் பினாப்தலின் கரைசலைத் தெளித்தால் நடுப்பகுதி அடர்ந்த இளஞ்சிவப்பாகும், ஓரத்து வளையம் நிறமின்றி நிற்கும். சிவந்த பகுதியில் காரம் இன்னும் இருக்கிறது. நிறமற்ற வளையத்தில் அது போய்விட்டது. ஊசியைக் குத்தி எதிர்ப்பை அளந்தாலும் அதே எல்லையில்தான் வலிமை சட்டென்று ஏறும்.

அந்த வளையம் உள்நோக்கி நகரும் வேகம் நாளாக நாளாகக் குறைகிறது. வெளியிலிருந்து அயனிகள் கெட்டுப்போன தோலைக் கடந்து உள்ளே ஊற வேண்டியிருப்பதால், ஆழம் ஏறத்தாழக் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளர்கிறது. நான்கு மடங்கு காலம் ஆனால் இரு மடங்கு ஆழம். ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் டைக்கோகு துறைமேடைக்காகச் சிமெண்ட் கலந்து கெட்டியாக்கிய கடற்களியிலிருந்து 20 ஆண்டு கழித்து மாதிரி எடுத்தபோது, சேதம் மேற்புறத்தில் சில சென்டிமீட்டரோடு நின்றிருந்தது. உட்பகுதியின் வலிமை முன்பைவிடக் கூடியிருந்தது.

இதிலிருந்து அளவின் முக்கியத்துவம் விளங்கும். ஐந்து சென்டிமீட்டர் தோல் கெட்டுப்போனால், ஒரு மீட்டர் விட்டமுள்ள தூணில் சுமை தாங்கும் பரப்பு 19 விழுக்காடு குறையும்; அரை மீட்டர் தூணில் 36 விழுக்காடு குறையும். ஒரு சென்டிமீட்டர் கெட்டாலே 38 மில்லிமீட்டர் சோதனை உருளையில் கால் பங்குக்கும் குறைவான பரப்புதான் மிஞ்சும். சின்ன மாதிரியின் வலிமைச் சரிவை அப்படியே பெரிய தூணுக்குப் பொருத்தினால் பயம் மிகையாகும். மாதிரியின் வலிமையோடு சேதத்தின் ஆழத்தையும் அளந்து, அந்த ஆழத்தைக் கட்டுமானத்தின் ஆயுளுக்கு நீட்டிக் கணக்கிடுவதே சரியான முறை.

கோடையும் மழையும்

காட்டுப்பள்ளி போன்ற இடத்தில் மண் எப்போதும் ஒரே நீரில் மூழ்கியிருப்பதில்லை. ஓதம் ஏறி இறங்கும் எல்லையில் மண் நனைவதும் காய்வதுமாக இருக்கும். கோடையில் நிலத்தடி உவர்நீர் நுண்துளைகள் வழியே மேலேறி ஆவியாகும். சுவரில் உப்புப் பூத்துப் பூச்சு பொரிவதைப் போலவே சாலையின் மேலடுக்கிலும் உப்புப் படிகம் வளர்ந்து மண்ணை உதிர்க்கும். சுண்ணாம்பு அடுக்கின் மேல் போட்ட மெல்லிய தார்ப்பூச்சு கொப்பளித்துக் கிளம்புவதற்கு இது ஒரு காரணம்.

வடகிழக்குப் பருவமழையில் நிலைமை தலைகீழாகும். கொசஸ்தலையாற்றில் வெள்ளம் வரும்போது உப்பங்கழியின் நீர் நன்னீராகிறது. உறுதியாக்கிய பகுதியிலிருந்து கால்சியம் கரைந்து போகிறது. அதைச் சுற்றியுள்ள, ஏதும் கலக்காத களியிலிருந்து உப்பு கழுவப்படுகிறது. துகள்களில் சோடியம் மட்டும் தங்கிவிட்டால் அந்தக் களி நன்னீரில் கலங்கிப் பிரிந்து ஓடும். கரைமேட்டுச் சரிவுகளில் வாய்க்கால் போல அரிப்புக் கோடுகளும் உள்ளே புழைகளும் விழுவது இப்படித்தான். உப்பு வருவதைப் போலவே அது போவதும் கேடு செய்யும்.

தற்காப்பு

முதல் வேலை சோதனை. மண்ணில் கரையும் சல்பேட், கரிமப்பொருள், பைரைட், நீரின் உப்பளவு ஆகியவற்றைத் தெரிந்துகொண்ட பின்பே எதைக் கலப்பது என்று முடிவு செய்ய வேண்டும். கரையும் சல்பேட்டை அளக்க இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 2720 வரிசையில் 27-ஆம் பகுதி தனி முறை தருகிறது.

இரண்டாவது, சேர்பொருளின் தேர்வு. இரும்பாலைக் கசடைப் பொடித்துக் கலந்த சிமெண்ட், சல்பேட்டையும் கடல்நீரையும் சாதாரணச் சிமெண்டைவிட நன்றாகத் தாங்குகிறது. அதில் தனித்து நிற்கும் சுண்ணாம்பு குறைவு; துளைகளும் நுண்ணியவை என்பதால் அயனிகள் மெதுவாகவே ஊறும். அனல் மின் நிலையச் சாம்பலும் தனித்த சுண்ணாம்பைப் பிணைத்துக்கொண்டு இதே நன்மையைத் தருகிறது. வடசென்னைக்கு அருகில் அது தாராளமாகக் கிடைக்கும் பொருள். சாம்பல் கலந்த மண் மெதுவாக வலிமை பெறும் என்பதால் உப்புநீர் தொடும் முன் கூடுதல் நாள் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, வேலையின் வரிசை. சல்பேட் உள்ள மண்ணில் சுண்ணாம்பையும் தாராளமாக நீரையும் கலந்து சில நாள் ஊறவிட்டு, எட்ரிங்கைட் வளர்ந்து முடிந்த பிறகு மறுபடி கலந்து உருளை ஓட்டினால் பின்னால் வரும் உப்பல் பெருமளவு குறையும். கலந்த அன்றே உருட்டி இறுக்குவது அத்தகைய மண்ணில் ஆபத்து.

நான்காவது, நீரைத் தடுப்பது. சாலையின் அடியில் உவர்நீர் மேலேறாதபடி சரளை அடுக்கோ நீர்புகாத் தாளோ போடலாம். பக்கச் சரிவுகளை மூடலாம். வடிகால் அமைத்துத் தேக்கத்தைத் தவிர்க்கலாம். தடுக்க முடியாத இடத்தில், கட்டுமானத்தின் ஆயுளுக்குள் கெடக்கூடிய தோலின் தடிமனைக் கணக்கிட்டு, தூணின் விட்டத்தை அந்த அளவு கூட்டிவிடுவது எளிய வழி. துறைமுகத்தின் அடியில் ஆழமாகக் கலந்த பெருந்தூண்களுக்கு இது பொருந்தும். 15 அல்லது 20 சென்டிமீட்டர் கனமுள்ள சாலை அடுக்குக்குப் பொருந்தாது. அங்கே நீரைத் தடுப்பதும் ஏற்ற சேர்பொருளைத் தேர்வதும்தான் வழி.